இருபத்து மூன்றாவது இதயம்

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
கொக்குவில் கிணற்றுத் தண்ணீர்
கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் பொருக்குக் கட்டும்.
அந்தச் சுண்ணாம்பு கொஞ்சம் கூடினாலும்
இதயம் இறுகி, கல்லாகி, நின்றுவிடும்.
ஆகவே விடிய ஆறு மணிக்கே வந்து
யேசுரட்ணம்
இரண்டு தரம் வடிக்கிறார்.

பிறகுதான் உப்பு, சீனி, காற்று.
பிறகுதான் எலி.

அதைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன்.
முந்நூற்றுப் பத்துக் கிராம். கையில் சூடு.
மயங்குமுன் என் கையுறையை முகர்ந்தது.
படிவத்தில் அதற்கு இடமில்லை.

கண்ணாடிக் குழாயின் நுனியில்
சின்ன நாவற்பழம் அளவில் இதயம்
உடம்பில்லாமல், யாருக்கென்றில்லாமல்
துடிக்கிறது.
முதன்முறை பார்க்கும் மாணவர்கள்
தாமாகவே குரலைத் தாழ்த்துகிறார்கள்.

முப்பது நிமிடம் ஓட்டத்தை மூடுவோம்.
வெளிறும். தளரும். ஒரு நடுக்கம் மட்டும் மிஞ்சும்.
பிறகு திறப்போம்.
எத்தனை தரம் படித்தும் எனக்குப் பழகாதது இதுதான்:
பட்டினி கிடந்த தசையில்
பாதியைக் கொல்வது பட்டினி,
மீதியைக் கொல்வது திரும்பி வரும் ஓட்டம்.
கதவு திறந்ததும்
முண்டியடித்து உள்ளே போகிறது சுண்ணாம்பு.
அந்த முதல் ஐந்து நிமிடத்துக்குத்தான் எங்கள் மருந்து.

மருந்தோ, வெறும் உப்புநீரோ.
‘க’ போத்தல். ‘ங’ போத்தல்.
எதில் எது என்று
துஷ்யந்தியின் லாச்சியில்
ஒட்டிக் கிடக்கும் கடிதவுறைக்கு மட்டும் தெரியும்.

இருபத்து மூன்றாவதன் அன்று
ஓட்டத்தை மூடிய ஆறாம் நிமிடம் கரண்ட் போனது.
ஜெனரேற்றர் இருமியது, எழும்பவில்லை.
அதைத் திட்ட நான் கீழே ஓடினேன்.

பின்னேரம்
வெட்டிச் சாயத்தில் இட்ட துண்டுகள்
(உயிருள்ளது செங்கல் நிறம், செத்தது வெள்ளை)
ஐந்தும் சிவப்பு.
ஓரத்தில் நகக்கண் அளவு வெள்ளை, அவ்வளவுதான்.
இரண்டு வருடத்தில் இப்படி ஒன்றை நான் கண்டதில்லை.
துஷ்யந்தியைக் கூப்பிட்டேன்.
மூன்றாம் அறையிலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

யேசுரட்ணம் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்.
சாய்ந்த கையெழுத்தில்
10.52: முப்பத்தொன்று தசம் நாலு பாகை.
“கரண்ட் இல்லாமல் தொட்டி ஆறிப் போட்டுது, மிஸ்.”

குளிர் இதயத்தைக் காக்கும்.
எல்லோரும் அறிந்த பழைய சங்கதி.
காத்தது போத்தலா, கரண்ட் வெட்டா?
இனிச் சொல்ல ஏலாது.

அந்த நேரம் அறையில் அவர் ஒருவர்தான்.
எழுதாமல் விட்டிருக்கலாம்.
போன தைமாதம் கதிரையில் இருந்தபடி சரிந்து
ரெண்டு ஸ்டென்ட்டோடு திரும்பி வந்தவர்.
“இது மனுசருக்கு எப்ப வரும்?” என்று ஒருநாள் கேட்டார்.
வந்தால், பத்து வருசம் என்றேன்.
“அப்ப சரி” என்றார்.
எது சரி என்று நான் கேட்கவில்லை.

இருபத்து மூன்று: விலக்கப்பட்டது.
காரணம் எழுதும் பெட்டி சிறியது.
‘வெப்பம்’ என்று எழுதினேன்.
படத்தைக் கோப்பில் போடவில்லை, அழிக்கவும் இல்லை.
என் போனில் கிடக்கிறது
தங்கச்சியின் கலியாணப் படங்களுக்கு நடுவில்.

நாளைக்கு இருபத்து நாலு.
பிழிந்த தேசிக்காய்த் தோலால்
வடிகலத்தின் வெள்ளையை
உரசிக்கொண்டிருக்கிறார் யேசுரட்ணம்.
ஒரு கை நெஞ்சில்.
இல்லை,
சட்டைப் பையில் பேனையைத் தேடுகிறார்.